விட்டுப்போன ஒரு பெயர்: லைஃப்டைம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கமுங்க. போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் எமோ இசையைப் பற்றி, அதாவது மனசைத் திறந்து கொட்டுகிற அந்த ராக் இசையைப் பற்றி, ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். தமிழ்ப் பத்திரிகையில் அந்தச் சொல்லைப் பார்த்ததே எனக்குச் சந்தோஷம், டீக்கடையில் நின்றபடியே இரண்டு தடவை படித்தேன், டீ ஆறிப்போய்விட்டது. ஆனால் படித்து முடித்ததும் மனசு சங்கடப்பட்டது. கண்ணுக்கு மை, முகத்தில் விழும் முடி, கறுப்புச் சட்டை, 2000-க்கு அப்புறம் பெரிய மேடை ஏறிய நாலைந்து பெயர்கள், அத்தோடு கட்டுரை முடிந்துவிட்டது. அந்த இசை எங்கே பிறந்தது, யார் கையால் உருவானது என்று ஒரு வரி இல்லை. லைஃப்டைம் என்ற அமெரிக்க பேண்டின், அதாவது இசைக்குழுவின், பெயர் ஓரிடத்தில்கூட வரவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன். நீளமாகப் போகும், அச்சில் போட இடம் இல்லாவிட்டாலும் நீங்களாவது முழுதாகப் படித்துவிடுங்கள்.

நான் திருப்பூரில் சின்னதாக ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். 2007-ல் எனக்குச் சொந்தப் பட்டறை கிடையாது, வேறொருவரிடம் ஒன்றரை ஷிப்ட் வேலை. அப்போது வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது, பேண்ட் பெயர்கள் போட்ட டி-சர்ட். பனியன் ஊரில் இது புதிதில்லை, உலகத்தில் உள்ள பாதி பேண்டுகளின் பெயர் எங்கள் டேபிளைத் தாண்டித்தான் போயிருக்கும். கறுப்புத் துணியில் வெள்ளை எழுத்து. பிரிண்டிங் தெரிந்தவர்களுக்குத் தெரியும், கறுப்பில் வெள்ளை ஒரே இழுப்பில் எடுக்காது. டேபிளில் கம் தடவி, வெட்டிய துணியைச் சுருக்கம் இல்லாமல் ஒட்டி, ஃபிரேமை இறக்கி, ஸ்க்வீஜியால் ஒரு இழுப்பு. காயவிட்டு அதே இடத்தில் ஒரு நூல்கூட விலகாமல் மறுபடி ஒரு இழுப்பு. ஆக ஒரு துணிக்கு இரண்டு தடவை, நாள் பூராவும் அந்த ஒரே பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். லைஃப்டைம். பட்டறையில் இருந்தவர்கள் ஏதோ இன்சூரன்ஸ் கம்பெனி சட்டை என்றார்கள். எனக்கு மட்டும் அது யாரென்று தெரிந்தே ஆகவேண்டும் என்று இருந்தது. அன்று ராத்திரி வேலை விட்டதும் பிரவுசிங் சென்டருக்குப் போய்த் தேடிப் பிடித்தேன். ஹெட்போனில் முதல் பாட்டு ஓடியது, இரண்டு நிமிடம்கூட இல்லை, முடிந்துவிட்டது. என்ன பாடினார் என்று ஒரு வார்த்தை பிடிபடவில்லை. ஆனால் தொண்டை அடைத்துக்கொண்டது. திரும்பத் திரும்ப அதையே போட்டேன், சென்டர்காரர் மூடவேண்டும் என்று வந்து தோளில் தட்டும் வரைக்கும்.

அதற்குப் பிறகு இத்தனை வருஷமாகத் தேடித் தேடிக் கேட்டதையும் படித்ததையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

லைஃப்டைம் 1990-ல் அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் நியூ பிரன்ஸ்விக் ஊரில் ஆரம்பித்த பேண்ட். ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர், அதனால் மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் பழைய வீடுகள் நிறைய. அந்த வீடுகளுக்குக் கீழே பேஸ்மென்ட் இருக்கும், தரைக்கு அடியில் ஒரு அறை. அங்கேதான் கச்சேரி. மேடை கிடையாது, பாடுகிறவரும் கேட்கிறவரும் ஒரே தரையில், மூஞ்சிக்கு மூஞ்சி. பாடியவர் ஆரி காட்ஸ், கிட்டார் டான் யெமின். மற்றவர்கள் மாறி மாறி வந்தார்கள், இந்த இரண்டு பேரும்தான் பேண்டின் முதுகெலும்பு.

அப்போது அவர்களைச் சுற்றி இருந்த இசையைச் சொன்னால்தான் இவர்கள் செய்தது புரியும். ஹார்ட்கோர் என்பது பங்க் என்ற முரட்டு ராக் இசையை இன்னும் வேகமாக்கி, சுருக்கி, கத்திப் பாடுவது. 1980 வாக்கில் வாஷிங்டன், நியூயார்க், கலிஃபோர்னியா பக்கம் கிளம்பியது. பத்து வருஷம் போனதும் அதில் ஒரு பெரிய பகுதி மெட்டல் என்ற கனத்த ராக் இசை கலந்து கனத்துப்போய்விட்டது, மேடைக்குக் கீழே யார் யாரை அடித்துத் தள்ளுகிறார்கள் என்பதே பெரிய விஷயம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்று ஒருத்தியை நினைத்துத் தூக்கம் வரவில்லை என்று பாட எவ்வளவு தைரியம் வேண்டும்? ஆரி காட்ஸ் அதைத்தான் பாடினார். பிரிந்துபோன சிநேகிதர்கள், ஊரை விட்டுப் போகிறவர்கள், சொல்லாமல் விட்ட காதல். வேகத்தைக் கொஞ்சமும் குறைக்காமல்.

முன்னோடி இல்லாமல் இல்லை. 1985-ல் வாஷிங்டனில் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் என்ற பேண்ட் ஒரு ஆல்பம் போட்டது, அதன் பாடகர் கீ பிச்சோட்டோ அதில் உயிரைக் கொடுத்துப் பாடியிருப்பார். எமோ என்ற சொல்லே அந்த ஊர் இசையைப் பார்த்து மற்றவர்கள் ஒட்டிய பெயர்தான், உணர்ச்சி என்பதன் ஆங்கிலச் சொல்லைச் சுருக்கி. அவர்களுக்கே அந்தப் பெயர் பிடிக்காது. கண் மைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. இன்னொரு பக்கம் மின்னசோட்டாவில் ஹஸ்கர் டூ, சத்தத்துக்கு அடியில் மெட்டு ஓடவிட்டவர்கள். லைஃப்டைம் அவர்களுடைய பாட்டு ஒன்றைத் தங்கள் ஆல்பத்தில் பாடியே இருக்கிறார்கள், யாரிடம் கற்றோம் என்று மறைக்கவில்லை.

அந்த ஆல்பம் 1995-ல் வந்த ஹலோ பாஸ்டர்ட்ஸ். பெயரைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், உள்ளே இருப்பது அத்தனையும் பிரியம். அதற்கு முன்னால் வந்த முதல் ஆல்பத்தை நான் பெரிதாகச் சொல்லமாட்டேன், அதில் இன்னும் தங்கள் குரல் அகப்படாமல் தடவிக்கொண்டிருக்கிறார்கள். ஹலோ பாஸ்டர்ட்ஸில்தான் திடீரென்று எல்லாம் கூடிவந்தது. டிரம்ஸ் ஓடுகிற ஓட்டத்தில் கிட்டார் தனியாக ஒரு மெட்டு போடும், ஒரே சுரத்தை மேலும் கீழும் இரண்டு கம்பியில் சேர்த்து மீட்டுவது. பாட்டு வரிக்கு மேலேயே இன்னொரு பாட்டு ஓடுகிற மாதிரி இருக்கும். ஆரி காட்ஸ் வார்த்தைகளை மென்று விழுங்கித்தான் பாடுவார். சிலருக்கு அது குறை. எனக்கு அதுதான் உயிர். அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறவர் யாராவது வார்த்தை வார்த்தையாகத் தெளிவாகப் பேசுவாரா?

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க எனக்கு ஒரு வழி உண்டு. அண்ணன்மார் கதை உடுக்கையடி கேட்டு வளர்ந்தவர்கள் நாம். படுகளம் போடுகிற ராத்திரி, பொன்னரும் சங்கரும் மாண்டு கிடக்கிறார்கள், தங்காள் தேடி வந்து அழுகிறாள். அந்த இடத்தில் உடுக்கை அடங்குமா? அடங்காது. அப்போதுதான் அது வேகம் பிடிக்கும். பாடுகிறவர் குரல் உடைந்து தங்காளின் அழுகையை இழுத்துக்கொண்டு போவார், கீழே உடுக்கை வெறிபிடித்தது மாதிரி அதிரும், கூட்டத்தில் ஆட்கள் அப்படியே சாய்வார்கள். எங்கள் அப்பிச்சி மடியில் உட்கார்ந்து ஆறு வயதில் அதைக் கேட்டு நடுங்கியிருக்கிறேன். துக்கம் என்றால் மெதுவாகத்தான் பாடவேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிரவுசிங் சென்டரில் அந்த ராத்திரி எனக்குத் தொண்டை அடைத்ததற்குக் காரணம் இதுதான் என்று பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. வேகம் கீழே, அழுகை மேலே. அமெரிக்க ஹார்ட்கோரில் இந்த இரண்டையும் இவ்வளவு நெருக்கமாகக் கட்டியவர்கள் என் காதுக்கு லைஃப்டைம்தான். இப்போது மெலடிக் ஹார்ட்கோர் என்று ஒரு வகையாகவே சொல்கிறார்களே, அதில் இன்றைக்கு வரும் பாட்டுகளில் பாதியில் இந்தக் கட்டு கேட்கும்.

1997-ல் ஜெர்சிஸ் பெஸ்ட் டான்சர்ஸ் வந்தது. அரை மணி நேரம்கூட ஓடாத ஆல்பம். அதில் ஒரு பாட்டின் பெயரே நியூ பிரன்ஸ்விக் பேஸ்மென்ட் கச்சேரியைப் பற்றியது, சொந்த ஊரை எவ்வளவு நேசித்தார்கள் பாருங்கள். அந்த வருஷமே பேண்ட் கலைந்துவிட்டது. நான் முதலில் இதைப் படித்தபோது அன்றைக்கு வேலையே ஓடவில்லை எனக்கு. காடு விளைந்து நிற்கும்போது குடியானவன் ஊரை விட்டுப் போனமாதிரி.

அறுவடை யாருக்கு என்பதைத்தான் உங்கள் கட்டுரை எழுதியிருக்க வேண்டும். நியூ பிரன்ஸ்விக்கில் இருந்து காரில் அரை மணி நேரம் போனால் பிரின்ஸ்டன். அங்கே பள்ளிக்கூடப் பையன்கள் சேர்ந்து நடத்திய பேண்ட் சேவ்ஸ் தி டே. 1998-ல் அவர்கள் போட்ட முதல் ஆல்பத்தைக் கேளுங்கள், பிறகு ஜெர்சிஸ் பெஸ்ட் டான்சர்ஸ் கேளுங்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லிவிடுவீர்கள். லைஃப்டைமைப் பதிவு செய்த ஸ்டீவ் எவெட்ஸ்தான் இவர்களையும் பதிவு செய்தார். அடுத்த வருஷம் வந்த அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் த்ரூ பீயிங் கூல், பாப் பங்க், எமோ இரண்டிலும் எத்தனையோ பேர் அதைப் பார்த்துத்தான் கிட்டார் எடுத்தார்கள். ஃபால் அவுட் பாய் உங்கள் கட்டுரையில் பெரிய எழுத்தில் வந்த பெயர். அந்தப் பேண்டின் பீட் வென்ட்ஸ் சிகாகோ ஹார்ட்கோரில் வளர்ந்தவர். கையில் பணமும் பெயரும் வந்து, டெக்கேடேன்ஸ் என்று சொந்தமாக ஒரு லேபிள், அதாவது ஆல்பம் வெளியிடும் கம்பெனி, ஆரம்பித்தபோது அவர் செய்த நல்ல காரியங்களில் ஒன்று, 2005-ல் மறுபடி ஒன்றுசேர்ந்திருந்த லைஃப்டைமைக் கூப்பிட்டு, 2007-ல் அவர்களுடைய புது ஆல்பத்தை வெளியிட்டது. நான் டேபிளில் நின்று பெயர் அடித்துக்கொண்டிருந்த அதே வருஷம். சிஷ்யன் தன் திண்ணையில் குருவுக்கு இடம் போட்டுக் கொடுத்தது மாதிரி. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இன்னொன்று. மை கெமிக்கல் ரொமான்ஸ் படத்தைத்தான் பக்கத்தின் உச்சியில் போட்டிருந்தீர்கள். அவர்களும் நியூஜெர்சி. 2002-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர் ஜெஃப் ரிக்லி. அவர் தர்ஸ்டே பேண்டின் பாடகர். தர்ஸ்டே 1997-ல் எங்கே தொடங்கியது? நியூ பிரன்ஸ்விக்கில். அதே பேஸ்மென்ட் கச்சேரிகளில். லைஃப்டைமின் மெட்டை இவர்கள் எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை, தர்ஸ்டேயின் இசை வேறு, இன்னும் இருட்டு. ஆனால் மண் ஒன்று. அந்த ஊரின் பேஸ்மென்ட்டில் அழுதுகொண்டே வேகமாகப் பாடலாம், யாரும் கேலி செய்யமாட்டார்கள் என்ற நிலைமையை உண்டாக்கியதில் லைஃப்டைமுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

லைஃப்டைமின் அந்த இரண்டு ஆல்பத்தையும் வெளியிட்ட ஜேட் ட்ரீயும் மறக்கக்கூடாத பெயர். டெலவேரில் இரண்டு சிநேகிதர்கள் நடத்திய சின்ன லேபிள். பிராமிஸ் ரிங்கையும் அவர்கள்தான் போட்டார்கள், எமோ என்றதும் விவரம் தெரிந்தவர்கள் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று அது. பேண்ட் கலைந்த பிறகு டான் யெமின் சும்மா இருக்கவில்லை, ஃபிலடெல்ஃபியாவில் கிட் டைனமைட், அப்புறம் பெயின்ட் இட் பிளாக். உளவியல் படித்து அதையே தொழிலாகவும் செய்கிறவர். கிட் டைனமைட்டை மட்டும் தனியாக எழுத இன்னொரு கடிதம் வேண்டும், இங்கே விடுகிறேன்.

புகழ் பெற்ற பேண்டுகளை நான் குறைத்துப் பேசுவதாக நினைக்கவேண்டாம். த்ரூ பீயிங் கூல் எனக்கும் உயிர், லாரியில் சரக்கோடு தூத்துக்குடி போகும்போது அதைக் கேட்டுக்கொண்டேதான் போவேன். லைஃப்டைமிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள் நன்றாகத்தான் வளர்த்தார்கள். என் ஆதங்கம் எழுதுகிறவர்களிடம்தான். திருப்பூர்க்காரனுக்கு இது ரொம்ப உறைக்கும். பேட்டர்ன் மாஸ்டர் ஒருத்தர் பிரவுன் பேப்பரில் ஒரு அளவை வெட்டி வைப்பார், கழுத்து இவ்வளவு இறங்கணும், தோள் இவ்வளவு சரியணும் என்று. அதை வைத்து அம்பதாயிரம் பீஸ் ஓடும். கடல் கடந்து போய்க் கண்ணாடி அலமாரியில் தொங்கும். கழுத்தில் தைத்த லேபிளில் வேறு பெயர் இருக்கும், அந்தப் பெயருக்குத்தான் காசு. சட்டையைப் போடுகிறவருக்கு மாஸ்டரைத் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. ஆனால் சட்டையின் சரித்திரம் என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கம் எழுதுகிறவர் மாஸ்டரை விட்டுவிட்டு எழுதலாமா? எழுதினால் எங்கள் ஊரில் ஒத்துக்கொள்வார்களா?

எவ்வளவு விற்றது என்று பார்த்தால் லைஃப்டைம் சின்னப் பேண்டுதான். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பார்த்ததால்தான் உங்கள் கட்டுரையாளர் கண்ணில் அவர்கள் படவில்லை போல. கேட்டவர்களில் எத்தனை பேர் அடுத்த நாளே டிரம்ஸ் குச்சியைக் கையில் எடுத்தார்கள் என்று பாருங்கள், கணக்கு தலைகீழாகிவிடும்.

இதெல்லாம் எங்கோ அமெரிக்காவில் முடிந்த கதை என்றால் உங்களுக்கு இத்தனை பக்கம் எழுதியிருக்க மாட்டேன். என் அக்கா மகன் கோயமுத்தூரில் இஞ்சினியரிங் படிக்கிறான், டிரம்ஸ் அடிப்பான். ரெண்டு வருஷம் முன்னாடி அவன் போனில் ஹலோ பாஸ்டர்ட்ஸ் ஏற்றிக் கொடுத்தேன். ஒரு வாரம் பேச்சே இல்லை. அப்புறம் ஒரு ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டு, "மாமா, இதை எத்தனை வருஷமா எங்கிட்டச் சொல்லாம வெச்சிருந்தீங்க?" என்று சண்டைக்கு வந்துவிட்டான். இப்போது அவனோடு மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள், தமிழிலேயே எழுதிப் பாடுகிறார்கள். ஹாஸ்டல் ரூமில் தனியாக இருப்பதைப் பற்றி, ஈரோட்டில் விசைத்தறி ஓட்டுகிற அப்பாவைப் பற்றி, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டதைப் பற்றி. நன்றாக இருக்கிறது, மாமன் என்பதால் சொல்லவில்லை. ஒன்று மட்டும், மெட்டு இன்னும் கூடணும், அதையும் அவனிடம் சொல்லிவிட்டேன்.

ஆனால் வாசிக்க இடம் இல்லை. பையன்கள் ஒரு மண்டபத்தில் கேட்டார்கள், மண்டபத்துக்காரர்கள் முன்பணமும் வாங்கிக்கொண்டு முதல் நாள் மாலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், என்ன பாட்டு என்று யாரோ போனில் போட்டுக் கேட்டார்களாம். பணம் திரும்ப வர மூன்று வாரம் ஆனது. பையன்கள் அன்றைக்கு வாடகை வேனில் டிரம்ஸை ஏற்றிக்கொண்டு வந்து என் வீட்டு வாசலில் நின்றார்கள், ஒருத்தன் முகத்தையும் பார்க்க முடியவில்லை. நம் பக்கம் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ட் கட்டுகிற வழக்கமில்லை, அது ஒன்றுதான் நியூ பிரன்ஸ்விக்குக்கும் நமக்கும் வித்தியாசம் என்று அன்றைக்குத் தோன்றியது.

அதனால் இப்போது ஞாயிற்றுக்கிழமை என் பட்டறையைத் திறந்துவிடுகிறேன். ஞாயிறு டேபிள் ஓடாது. ஃபிரேமை எல்லாம் சுவரோரம் சாய்த்து, பெயின்ட் டப்பாக்களை ஓரம் கட்டினால் நாற்பது பேர் நிற்கலாம். போன மாதம் முப்பது பேருக்கு மேல் வந்தார்கள், பெருந்துறையிலிருந்து இரண்டு பெண்பிள்ளைகள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள், அந்த அண்ணன்காரன் முதல் பாட்டு வரைக்கும் வாசலில் நின்றான், நாலாவது பாட்டில் உள்ளே வந்து குதித்துக்கொண்டிருந்தான். மைக் பாதியில் நின்றுபோனது, யாரும் கவலைப்படவில்லை, வரிகள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கடைசிப் பாட்டாக லைஃப்டைம் பாட்டு ஒன்றை வாசித்தார்கள். டேபிள் கம் வாசனை இன்னும் போகாத அந்த அறையில் அதைக் கேட்டபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். அந்த இணைப்பில் அடுத்த வாரம் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகவாவது நியூ பிரன்ஸ்விக், லைஃப்டைம், 1995, 1997 என்று போடுங்கள், கட்டுரை படித்த பிள்ளைகள் தேடிக்கொள்வார்கள். அப்புறம், கட்டுரை எழுதியவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே அனுப்பி வையுங்கள். சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தொடங்குவோம், ஏழரைக்கு முடித்துவிடுவோம், பக்கத்து வீட்டு ஆத்தா எட்டு மணிக்குப் படுத்துவிடுவார்கள். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு போன் போட்டால் நானே வண்டியில் வந்து கூட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிரிண்டிங் பட்டறைக்காரர் ஒருவர்,
திருப்பூர்